புள்ளலூர் வேந்தனின் நகைச்சுவை: மத்தவிலாசமும் ஓர் இத்தாலியத் திரைப்படமும்

புள்ளலூரில் பகைவரை வென்றவன் எனக் காசாக்குடிச் செப்பேடு போற்றும் முதலாம் மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ போர்க்களம் பேசவில்லை. காஞ்சித் தெருவில் கபாலி ஒருவன் தொலைத்த மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரத்தையே பேசுகிறது. பௌத்தத் துறவிமீது திருட்டுப்பழி விழுகிறது. வழக்கு தத்துவச் சொற்போராக நீள்கிறது. பாத்திரத்தைக் கொண்டு சென்றதோ, அதிலிருந்த இறைச்சியை நாடிய நாய். இதனைச் சமயப் பகடியாக மட்டும் கொள்வது போதாது. மரியோ மோனிசெல்லியின் ‘இ சோலித்தி இஞோத்தி’ (1958) படத்தில், அடகுக்கடைப் பெட்டகத்தைக் கொள்ளையிட முனைந்தோர் தவறான சுவரை உடைத்து, அடுக்களையில் கண்ட கொண்டைக்கடலைப் பாஸ்தாவை உண்டு அமைகின்றனர். இரண்டிலும் பெரும்பேச்சைப் பசி கவிழ்க்கிறது. மோனிசெல்லி அவ்வறியவர்களோடு சேர்ந்து நகைக்கிறார். வேந்தனின் நகைப்போ உயரத்திலிருந்து வருகிறது. நாயிடமிருந்து பாத்திரத்தைப் பறித்தவன் ஒரு பித்தன் என்னுமிடத்தில் மட்டும் அவ்வுயரம் சற்றே சரிகிறது.