சேவை என்றொரு சொல்

ஸ்ரீரங்கத்தில் சேவை என்றால் பெருமாளைக் கண்ணாரப் பார்ப்பது. "சேவை ஆச்சா?" என்று கேட்பவர், யாருக்கு என்ன தொண்டு செய்தாய் என்று கேட்கவில்லை. மார்கழியில் அரையர் சேவை நடக்கும். அபிநயித்துப் பாடுகிறவர்கள் ஆண்கள் மட்டுமே. (அரிசிமாவில் பிழிவதற்கும் இங்கே சேவை என்றுதான் பெயர். அதைப் பிழிவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) இப்படிப் பல வேலை பார்க்கும் இந்தச் சொல், திரைப்பட நடிகை ஒருத்தியின் பெயரோடு சேரும்போது என்ன செய்கிறது?

1974இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு மணிலாவில் ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. அது இசைக்காகக் கிடைத்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். கிடைத்தது பொதுச்சேவைப் பிரிவில். இதழியல், இலக்கியம், படைப்புக் கலைகள் ஆகியவற்றுக்கு அப்போதே தனிப்பிரிவு இருந்தது. சத்யஜித் ராய் 1967இல் அதில்தான் பெற்றார். ராய்க்குக் கலை, சுப்புலட்சுமிக்குச் சேவை. 25 ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே பொதுச்சேவைப் பிரிவில் பிலிப்பைன்ஸ் நடிகை ரோசா ரோசாலுக்கு விருது தரப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தில் 1950 முதல் ஊதியமின்றி உழைத்தவர் அவர். திரையிலிருந்து வந்த இந்த இரண்டு பெண்களும் சேவைக்கு நடந்துவந்த பாதைகள் ஒன்றல்ல.

சுப்புலட்சுமியின் பாதை திருச்சி வழியாகப் போகிறது. 1927இல் மலைக்கோட்டை நூற்றுக்கால் மண்டபத்தில், 11 வயதில், அவர் பாடினார். வயலின் மைசூர் சௌடையா, மிருதங்கம் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அந்தக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவர் எஃப்.ஜி. நடேசய்யர், ரயில்வே அதிகாரி, நாடகக்காரர், காங்கிரஸ்காரர். 11 ஆண்டுகளுக்குப் பிறகு, 1938இல், கே. சுப்ரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' வந்தது. சுப்புலட்சுமிக்கு அது முதல் படம். அதில் அவரைச் சந்தேகப்பட்டு வீட்டைவிட்டுத் துரத்தும் வயதான கணவராக நடித்தவர் அதே நடேசய்யர். மேடையில் உட்கார வைத்தவரே திரையில் தெருவில் நிறுத்துகிறார். இந்தத் தற்செயலை எங்கள் ஊர் வரலாற்றுக்காரர்கள் பெருமையாக மட்டுமே சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

கதை பிரேம்சந்தின் நாவலிலிருந்து எடுத்தது. துரத்தப்பட்ட பிராமணப் பெண் பொதுமகளாகிறாள். மீண்டுவந்து அத்தகைய பெண்களின் பிள்ளைகளுக்காக ஓர் இல்லத்தில் உழைக்கிறாள். பாவம், பிறகு சேவை, பிறகு மதிப்பு. பிராமணப் பாத்திரத்துக்கு அது ஒரு வீழ்ச்சியும் மீட்சியும். நடித்தவரோ வீணை சண்முகவடிவின் மகள், தேவதாசி மரபில் பிறந்தவர். எந்தத் தவறும் செய்யாமலே, பிறப்பினால் மட்டுமே, அந்த மூன்று படிகளையும் ஏறியாக வேண்டியவராக அவரைச் சமூகம் வைத்திருந்தது. படத்தின் சீர்திருத்தத்தைக் கைதட்டி வரவேற்ற சபையும் அந்தச் சமூகம்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு பழகியது. மாதவி மகள் மணிமேகலை ஆடல் தொழிலுக்கு வரவேண்டும் என்று பாட்டி சித்திராபதி துடிக்கிறாள். அவள் துறவு பூண்டு அமுதசுரபி ஏந்துகிறாள், பசித்தவருக்கெல்லாம் சோறிடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்கிறாள். ஆனால் அந்தப் பாத்திரம் அள்ள அள்ளக் குறையாமல் சுரக்க, முதல் பிச்சையைக் கற்பில் சிறந்த ஆதிரை இட வேண்டியிருக்கிறது. வகுப்பில் ஒரு மாணவி, "ஏன் மேம், ஆதிரை போட்டாத்தான் சுரக்குமா?" என்று கேட்டாள். சாத்தனாரைக் காப்பாற்ற நான் முயலவில்லை. கணிகை மகளின் கொடைக்குப் பத்தினியின் கைநாட்டு தேவைப்பட்டிருக்கிறது என்றேன்.

சுப்புலட்சுமியின் வாழ்க்கையில் ஆதிரை வெளியே இல்லை. அவரே ஆதிரையாகவும் மாற வேண்டியிருந்தது. 1940இல் சதாசிவத்தோடு திருமணம். 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக ஆண்வேடம். அந்தச் சம்பளம் 'கல்கி' பத்திரிகை தொடங்கப் போனது. அவருடைய கொடைப் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். 1944இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள். 1945இல் 'மீரா', பிறகு அதன் இந்தி வடிவம், அதோடு சினிமா முடிந்தது. மருத்துவமனை, பள்ளி, கோயில் என்று நிதிக்கச்சேரிகள் பெருகப் பெருக, நடிகை என்ற சொல் அவர்மேலிருந்து உதிர்ந்தது, 'எம்.எஸ். அம்மா' வந்தார்.

இந்தக் கொடையைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் தெய்வம். தெய்வம் கொடுக்கும், களைக்காது. இன்னொரு கட்சிக்கு அவர் கணவர் ஆட்டிய பொம்மை. எந்த மேடை, எந்த நிதி என்பதெல்லாம் சதாசிவத்தின் முடிவு. டி.ஜே.எஸ். ஜார்ஜின் வாழ்க்கை வரலாறும் பின்னர் வந்த டி.எம். கிருஷ்ணாவின் நெடுங்கட்டுரையும் அந்த வீட்டின் அதிகாரத்தையும், அவர் மெல்ல மெல்லப் பிராமண இல்லத்தரசியாக வார்க்கப்பட்டதையும் பேசவைத்தன. அவை தேவைப்பட்ட எழுத்துகள். ஆனால் அவற்றை அரைகுறையாகப் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள், முடிவெடுத்தவர் கணவர் என்பதால் கொடுத்தவரும் கணவரே என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். அது எனக்கு ஏற்பில்லை. இங்கே கொடுக்கப்பட்டது குரல். மூன்று மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து பாடுவதும், அதற்கான அன்றாடச் சாதகமும், புரியாத மொழியின் உச்சரிப்பைப் பிழையறக் கற்பதும் உடலுழைப்பு. சமையலறை வேலைக்குக் கூலி எழுதாத அதே கணக்குப் புத்தகம் இதையும் எழுதவில்லை. 'தம்பதியரின் கொடை' என்று அச்சிடுகிறோம். தம்பதியரில் பாடியது ஒருவர்.

ரோசா ரோசாலுக்கு வருகிறேன். அவர் பேர்பெற்றது மயக்கும் பெண், கெட்ட பெண் வேடங்களில். 1956இல் 'அனாக் தாலிதா' படத்தில், போரில் இடிந்த மணிலாவில் உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணாக நடித்தார். அப்போது அவர் ஏற்கெனவே செஞ்சிலுவைத் தொண்டர். மக்களை ரத்ததானத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார். கெட்ட பெண்ணாக நடித்துக்கொண்டே கைநீட்டி ரத்தம் கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். மகளைத் தனியாக வளர்த்தார். தூய்மைச் சான்றிதழுக்காக அவர் திரையை விட்டு இறங்கவில்லை. கத்தோலிக்க மணிலா பெண்களின் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குலத்தின் பெயரால் வந்த கறையைக் கழுவும் கூடுதல் வேலை அவருக்கு இல்லை. சுப்புலட்சுமி இரண்டு வேலை பார்த்தார். நிதியும் திரட்டினார், தன் பிறப்புக்கு வட்டியும் கட்டினார்.

1970களின் இறுதியில் அந்தக் குடும்பமே பணநெருக்கடியில் இருந்தது. திருமலை தேவஸ்தானம் அன்னமாச்சாரியர் கீர்த்தனைகளைப் பாடச் சொல்லி, அதன்வழியே உதவியது. கொடுத்தே பழகியவர் பெற்றுக்கொள்ளவும் பாட வேண்டியிருந்தது.

1963இல் இசைத்தட்டாக வந்த அவருடைய வேங்கடேச சுப்ரபாதம் இன்றைக்கும் ஸ்ரீரங்கத்து டீக்கடைகளில் விடியற்காலையில் கேட்கிறது. இங்கே பள்ளிகொண்டிருப்பவர் ரங்கநாதர் என்பதைப் பற்றிக் கடைக்காரர்களுக்குக் கவலையில்லை. அந்தப் பதிவின் உரிமைத்தொகையை அவர் தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு எழுதிவைத்தார். அங்கே உட்கார்ந்து வேதம் படிப்பவர்கள் ஆண்பிள்ளைகள்.