சகோதரிக்கு எழுதிய பஞ்சம்

தலைமை ஆளுநர் ஆக்லண்டின் உடன்பிறந்தவரான எமிலி ஈடன், 1837-இல் தொடங்கிய வட இந்தியப் பயணத்தின்போது இங்கிலாந்திலிருந்த சகோதரிக்கு வரைந்த கடிதங்கள் 1866-இல் நூலாயின. கூடார வாழ்வின் அலுப்பு, பணியாளர், செல்ல நாய், ஊர் ஏக்கம் என வீட்டுப் பேச்சே அவற்றில் மிகுதி, கேலிக்கும் குறைவில்லை. அதனால் இவற்றை அற்பமெனத் தள்ளுவோருடன் நாம் உடன்படோம். 1838-இன் தொடக்கத்தில் பஞ்சம் குறுக்கிடுகிறது. குதிரை லாயத்தருகே பட்டினியால் வற்றிய ஒரு குழந்தை கிண்ணப் பாலின்மீது பாய்ந்ததைச் சகோதரியிடம் அவர் சொல்கிறார்; நீ கண்டிருந்தால் அழுதிருப்பாய் என்கிறார். ஆட்சியின் பொறுப்பை இங்கே தேடுவோர் ஏமாறுவர். எழுதியவர் ஆள்வோர் வீட்டுப் பெண்ணல்லவா! ஆயினும் அக்குழந்தையின் பசியை நமக்குக் காத்துத் தந்தது இவ்வீட்டுக் கடிதமே. நம் கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வந்துள்ள வடபுலத்துத் தொழிலாளரும் இரவில் கைப்பேசியில் ஊரிலுள்ள அக்காளிடம் சோறு, கூலி, காய்ச்சல் என்றே பேசுகின்றனர். அவற்றை எழுதி வைப்பார் யாருமில்லை.