கல்கியும் காசியின் கதவும்

2024 ஜூனில் வெளிவந்த நாக் அஷ்வினின் 'கல்கி 2898 ஏடி' எங்கட வீட்டையும் இரண்டாக்கியது. "ஹொலிவூட்டுக்குக் குறைவில்ல" என்றான் மருமகன். "அது அவங்கட புராணம், நமக்கென்ன?" என்றார் மச்சான். இரண்டு பேச்சும் படத்தின் மையத்தைத் தொடவில்லை என்றே நினைக்கிறேன்.

கங்கை வற்றிய காசி. அதற்கு மேலே தலைகீழ்ப் பிரமிட்டாகத் தொங்குகிறது 'கொம்ப்ளெக்ஸ்'. நீரும் பசுமையும் அதற்குள்ளேதான். உள்ளே போக 10 இலட்சம் யூனிட் வேண்டும். அதைச் சேர்ப்பதற்காக ஆள்பிடித்துக் கொடுக்கிறான் பைரவா (பிரபாஸ்). தப்பி வந்த கர்ப்பிணிப் பெண்ணையும் (தீபிகா படுகோன்) ஒப்படைக்கத் துணிகிறான். அநீதியான கதவை உடைக்க நினைக்காமல், தானும் அதற்குள் நுழைந்துவிட ஆசைப்படும் மனிதன். படத்தில் மிக உண்மையான பாத்திரம் இவன்தான்.

ஆனால் இயக்குநர் இவனை நம்பவில்லை. இறுதியில் இவன் கர்ணனின் மறுபிறவி என்று காட்டப்படுகிறது. காப்பாற்றுவது இவனுடைய தெரிவாக இல்லாமல், பழைய பிறவியின் வேலையாகிவிடுகிறது. அடைக்கலம் தரும் ஷம்பாலாவும் சண்டைக்களமாகவே மனதில் நிற்கிறது.

1990 ஒக்டோபரில் மன்னார்த்தீவை விட்டு வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போன சனம் நாங்கள். அங்கே எங்களுக்குக் கதவு திறந்தவர்கள் யாருடைய மறுபிறவியும் அல்லர். சோற்றையும் கிணற்றையும் பகிர்ந்த சாதாரண மனிசர். திறக்காமலும் விட்டிருக்கலாம், திறந்தார்கள்.

மச்சான், புராணம் வந்தது குறையில்ல. பைரவா மனிதனாகவே மாறுவதற்கு இடம் விடாததுதான் குறை. அடுத்த பாகத்தில் நான் தேடப்போவது அதைத்தான்.