மானூர்க் கல்லை எப்படிப் பார்ப்பது?

ரோமுக்குப் போய்வந்தவர்களிடம் அங்குள்ள பழைய ஃபோரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். கொளுத்தும் வெயில், செங்கல் மேடுகள், சாட்டர்ன் கோயிலில் மிஞ்சிய எட்டுத் தூண்கள், காஸ்டர் கோயிலில் மிஞ்சிய மூன்று தூண்கள். இதற்காகவா இத்தனை தூரம் என்று தோன்றத்தான் செய்யும். அவர்கள் கட்டடத்தைத் தேடிப் போனவர்கள். அதுவோ ஓர் ஊர் கூடிப் பேசிய இடம். யார் பேசினார்கள், எதைப் பேசினார்கள், யாரைப் பேசவிடவில்லை என்று தெரிந்துகொண்டு போனால்தான் அந்தக் கற்கள் நம்மோடு பேசும்.

சுரண்டைக்காரர்கள் இந்தப் பயிற்சிக்கு விமானம் ஏற வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. அங்குள்ள அம்பலவாண சுவாமி கோயிலில் ஒரு கல்தூண் உண்டு. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், சுமார் கி.பி. 800ஐ ஒட்டி, ஓர் ஊர்ச்சபை தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது இது. ஆனாலும் நம் பக்கத்தில் பலருக்கு மானூர் என்றால் ஆவணி மூலம்தான் நினைவுக்கு வரும். கருவூர்ச் சித்தருக்குக் காட்சி கொடுக்க நெல்லையப்பர் மானூருக்கு எழுந்தருளும் திருவிழா அது. சாமி வந்துபோகும் அதே இடத்தில் சபையின் சட்டமும் நிற்கிறது என்பதைச் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் சுவை.

முதலில் குளத்தைப் பாருங்கள்

பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போய்விடாதீர்கள். மானூர்ப் பெரியகுளக் கரைமேல் ஏறிக் கொஞ்ச தூரம் நடங்கள். சிற்றாற்றுத் தண்ணீர் வந்து சேர்கிற குளம் இது. குற்றாலத்தில் நாம் தலையைக் கொடுத்து நின்ற தண்ணீர், தென்காசியைத் தாண்டி, அணைக்கட்டு அணைக்கட்டாகப் பிரிந்து, கால்வாய் வழியே ஒரு பங்கு இங்கேயும் வருகிறது. மழை குறைந்த வருஷம் மேலூர்க்காரர்களுக்கும் கீழூர்க்காரர்களுக்கும் மனஸ்தாபம் வருவதும் இந்தத் தண்ணீரால்தான்.

பழைய சபைகளுக்கு வேலை வைத்ததும் தண்ணீர்தான். உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்கவென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. ரோமிலும் கதை தண்ணீரில்தான் தொடங்குகிறது. குன்றுகளுக்கு நடுவே இருந்த சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி உலர்த்திய பிறகே அங்கே ஊர் கூட இடம் கிடைத்தது. அவர்கள் தண்ணீரை வெளியேற்றுவதற்காகக் கூடினார்கள், நாம் தேக்கிப் பங்கிடுவதற்காகக் கூடினோம். குளத்தைப் பார்க்காமல் தூணை மட்டும் பார்த்தால், அந்தச் சபை எதற்காக இத்தனை விதி போட்டது என்பது பிடிபடாது.

தூணின் முன்னால்

எழுத்து வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வேரூன்றும்வரை இதுதான் பெருவழக்கு. மொழி தமிழே ஆனாலும் இன்றைய எழுத்து மட்டும் தெரிந்தவரால் படிக்க முடியாது. அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம், முதலில் கண்ணைப் பழக்குங்கள். கோடுகள் எப்படி வளைந்து உருள்கின்றன, ஒரே உருவம் எத்தனை இடத்தில் திரும்ப வருகிறது, உளி ஆழமாகப் போன இடம் எது, தேய்ந்துபோன இடம் எது என்று பாருங்கள். குற்றாலநாதர் கோயிலிலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு, அங்கே ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் கண் இன்னும் சீக்கிரம் பழகும்.

கல்வெட்டைப் பார்க்க உச்சி வெயில் உதவாது. வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து கல்லோடு கல்லாக மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டான மண்டபம் என்றால் கைபேசி விளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒட்டினாற்போலப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து வரிகள் எழுந்து நிற்கும். எழுத்து தெரியவேண்டும் என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள், விரலால் தேய்க்கவும் வேண்டாம். ஆயிரத்து இருநூறு ஆண்டு தாங்கிய கல்லுக்கு நம் ஆர்வமே எமனாகிவிடக் கூடாது.

கல் சொல்லும் சட்டம்

பார்ப்பதற்கு முன்பே கல்வெட்டின் சாரத்தை அறிந்துகொண்டு போவது நல்லது. அன்று இவ்வூர் களக்குடி நாட்டைச் சேர்ந்த பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், பெயர் மானநிலைநல்லூர். பறையறைந்து மகாசபையைக் கூட்டி எடுத்த முடிவுகள் இவை.

ஊரில் பங்கு வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் சபையில் பேச வேண்டுமானால், நல்லொழுக்கம் உள்ளவராகவும், வேதத்தின் மந்திர பிராமணமும் ஒரு தர்ம நூலும் கற்றவராகவும் இருக்க வேண்டும். ஒரு பங்குக்கு ஒருவர்தான். விலைக்கு வாங்கிய பங்கு, தானமாக வந்த பங்கு, சீதனமாக வந்த பங்கு ஆகியவற்றுக்கும் தகுதி உண்டு, ஆனால் அது முழுப் பங்காக இருக்க வேண்டும். கால், அரை, முக்கால் செல்லாது. முழுப் பங்கு இல்லாதவர் எந்த வாரியத்திலும் இடம்பெற முடியாது. கடைசியாக வருவது சுவையான விதி. சபையில் எந்த யோசனை வந்தாலும் ‘கூடாது, கூடாது’ என்று முட்டுக்கட்டை போடுகிறவரும் அவருக்குத் துணைநிற்கிறவர்களும், அப்படிச் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும்.

இதை ரசிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் நடந்திருக்கக்கூடிய தகராறை ஊகித்துப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்குக் கால் பங்கோடு ஆளுக்கொரு வாக்கு கேட்டு வந்திருக்க மாட்டார்களா? பங்கை விலைக்கு வாங்கிய புதுப் பணக்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க மாட்டாரா? மடை திறப்பதா வேண்டாமா என்று பொழுது சாயும்வரை மறுப்புச் சொல்லியே கூட்டத்தைக் கலைத்த ஒருவர் இருந்திருக்க மாட்டாரா? யாருக்கும் தொந்தரவு இல்லாத விஷயத்துக்கு எவரும் கல்லில் சட்டம் வெட்டுவதில்லை. இந்தக் கண்ணோடு பார்த்தால் தூணைச் சுற்றி மனிதர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், சத்தம் கேட்கும்.

சபையில் இல்லாதவர்கள்

‘அந்தக் காலத்திலேயே நம்மிடம் ஜனநாயகம்’ என்று மார்தட்டிக்கொண்டு திரும்பினால் பாதிதான் பார்த்தோம் என்று பொருள். இது பிராமண நில உரிமையாளர்களின் சபை. வயலில் இறங்கி உழுதவர், நாற்று நட்டவர், மடை திறந்தவர் யாருக்கும் இதில் இடமில்லை. சீதனப் பங்கு என்று கல் சொல்கிறது, அதாவது சொத்து பெண் வழியாக வருகிறது. அந்தச் சொத்தின் பேரில் சபையில் உட்கார்ந்தவரோ ஆண். ரோமும் இதில் நமக்குச் சளைத்ததில்லை. அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு கிடையாது.

இதைச் சொல்வதால் கல்லின் மதிப்பு குறைவதில்லை. அரசன் பெயரில் ஆண்டைக் குறித்துவிட்டு, தங்களுக்கான விதியைத் தாங்களே பேசி முடிவெடுத்து, நாளை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று பொது இடத்தில் வெட்டிவைத்தார்களே, அது பெரிய காரியம். அந்தப் பெருமையையும் அதன் குறுகிய வட்டத்தையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்வதுதான் முதிர்ந்த ரசனை.

கோயில் காப்பாற்றியது

சபைகள் போய்விட்டன, கல் மட்டும் எப்படி நின்றது? கோயிலுக்குள் இருந்ததால். உத்திரமேரூரிலும் இதே கதைதான். ஊர்ச்சபை கூடிய மண்டபத்தின் மேல் பிற்காலத்தில் வைகுண்டப் பெருமாளுக்குச் சந்நிதி எழுந்தது, அதனால் எழுத்து நிறைந்த சுவர்கள் பிழைத்தன. ரோமில் செனட் கூடிய கூரியா 7ஆம் நூற்றாண்டில் தேவாலயமாக மாறியதால்தான் இன்றும் சுவரோடு நிற்கிறது. அப்படி யாரும் எடுத்துக்கொள்ளாத மற்ற கட்டடங்களைக் கல்லுக்காகப் பிரித்தெடுத்தார்கள். மண் மூடிய ஃபோரத்தில் மாடு மேய்ந்தது, ‘மாட்டுத் திடல்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

ஆகவே நம்மூரில் பழைய பொது வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமானால் பழைய கோயில்களுக்குத்தான் போக வேண்டும். கும்பிட்டு முடித்த பிறகு ஒரு சுற்று இன்னொரு கண்ணோடு வாருங்கள். அதிட்டானம் என்னும் அடித்தளத்தில் எழுத்து இருக்கிறதா, தூணில் நிலத்தை அளக்கும் கோலின் அளவு வெட்டியிருக்கிறதா, மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டக் கோடு கீறியிருக்கிறதா என்று தேடுங்கள். ரோமில் வழக்குகள் நடந்த பசிலிக்கா ஜூலியாவின் படிகளிலும் வேலையில்லாதவர்கள் கீறிவைத்த ஆட்டக்கட்டங்கள் இன்னும் இருக்கின்றன. வழக்குக்கு வந்தவர்களும் வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவர்களும் எந்த ஊரிலும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்து உத்திரமேரூர்

மானூரில் கண் பழகியவர்கள் அடுத்து காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போகலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. முப்பது குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), வயது 35க்கு மேல் 70க்குள், கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்று விதிகள் நீள்கின்றன. மண்டபத்தில் நின்று வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை நடந்த விதத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். சிறுவர் முதல் முதியவர்வரை ஊரே கூடியிருக்கிறது. ஓலைகள் போட்ட குடத்தை ஒரு முதியவர் எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்கிறார். எது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இல்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டுமல்லவா? ஒருவரையொருவர் நம்பாத மனிதர்கள் சேர்ந்து வாழக் கண்டுபிடித்த வழி அது. அந்தச் சுவரில் நான் மிகவும் மதிப்பது அந்த விரித்த கையைத்தான்.

போகிறவர்களுக்கு

சுரண்டையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து சங்கரன்கோவில் பேருந்தில் மானூரில் இறங்குவது எளிது. பெரும்பாலான கோயில்களைப் போல நண்பகலில் நடை சாத்தியிருக்கலாம், காலையிலேயே கிளம்புங்கள். படமெடுக்கும் முன் கோயிலில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஐந்து காசு தண்டக் கதையைத் தூணின் முன்னால் வைத்துச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழக ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சுரண்டை 2021இல் நகராட்சியானது, ஆனால் சுற்றிலும் ஊராட்சிகள்தான். உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போய் முழுநேரமும் உட்காருங்கள். குளத்துத் தண்ணீரைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் வாய் திறந்து கேளுங்கள். அங்கே உட்கார நிலப் பங்கும் வேண்டாம், வேதமும் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ‘கூடாது’ என்று சொல்வதற்கு இப்போது தண்டமும் கிடையாது.