எண்ணிம நூலகமும் பதிப்புரிமையும்: ஈழத்து நூல்களை முன்வைத்து ஒரு நோக்கு

நூலைப் பேணுதல் வேறு, அதனை வாசகருக்கு வழங்குதல் வேறு என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் கொள்கை. யாழ்ப்பாணத்து நூல்களுக்கு இப்பாகுபாடு எத்துணை பொருந்தும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

1981 மே 31ஆம் நாளிரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பின்வந்த போரும் 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த தொகுதிகளையும் சிதைத்தன. எஞ்சியவற்றைப் படிமமாக்கி இணையத்தில் இலவசமாக வழங்கும் பணியை 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது. 1998இல் தோன்றிய மதுரைத் திட்டம் பெரும்பாலும் பழைய இலக்கியங்களைத் தட்டெழுதி வெளியிட்டது. நூலகமோ அண்மைக்கால நூல், சஞ்சிகை, பத்திரிகை ஆகியவற்றையும் உள்ளடக்கியது. ஆகவே பதிப்புரிமை வினா இங்கே கூர்மையடைகின்றது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமையைக் காக்கிறது. 1879இல் மறைந்த ஆறுமுக நாவலர், 1901இல் மறைந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகியோரின் பதிப்புகளுக்குத் தடையில்லை. 1982இல் மறைந்த பேராசிரியர் கைலாசபதியின் எழுத்துகளுக்கோ 2052 வரை உரிமை உண்டு. இலாபநோக்கற்ற நூலகம் அழிந்த பிரதிக்கு ஈடாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. எனினும் அப்பிரதியை உலகெங்கும் வாசிக்கத் தருவதற்கு அது வெளிப்படையாக வழிவகுக்கவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த வழக்கு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தன்னிடமுள்ள அச்சுப் பிரதி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிமப் பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே இரவல் கொடுத்து வந்தது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றுக் காலத்தில், அவ்வரையறையைத் தற்காலிகமாக நீக்கியது. அவ்வாண்டு யூனில் நான்கு பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் கிடைத்த தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிரானது. 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. இவ்விரவல் பதிப்பகங்கள் விற்கும் மின்னூலுக்கு மாற்றாகி அவற்றின் சந்தையைக் கெடுக்கும் என்பது தீர்ப்பின் முதன்மையான காரணங்களுள் ஒன்று.

அக்காரணம் எமது சூழலில் வலுவிழக்கின்றது. சில நூறு பிரதிகளே அச்சாகி, அச்சகமும் மறைந்து, உரித்தாளர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பதாகக் கேள்விப்படும் நிலையிலுள்ள நூலுக்குக் கெடுவதற்கான சந்தை எங்கே? அதன் வாசகரும் அவ்வாறே சிதறி வாழ்கின்றனர். அவர்களுக்கு எட்டாத பிரதி, பேணப்பட்டும் பேணப்படாததே.

ஆயினும் இதனைக் கொண்டு ஆசிரியர் உரிமையே வேண்டாவென வாதிடுவது பிழையாகும். கைக்காசு செலவிட்டு நூல் வெளியிட்டு, பிரதிகளைத் தாமே சுமந்து விற்கும் எழுத்தாளர் எம்மிடையே இன்றும் உளர். அவரது புதிய நூலை அவரைக் கேளாது இணையத்தில் இடுவதை, அழிவிலிருந்து காத்தல் என்று கூற முடியாது. எரிந்த நூலகத்தின் நினைவை எல்லாவற்றுக்கும் அனுமதிச்சீட்டாகக் கொள்வது அந்நினைவுக்கும் பெருமை சேர்க்காது.

எனவே, மூவகை நூல்களுக்கு மூவகை நெறி வேண்டுமென்பது எமது துணிபு. உரிமைக்காலம் முடிந்தவை தடையின்றி வழங்கப்படல் வேண்டும். வாழும் ஆசிரியரின் நூல்களுக்கு எழுத்துமூல இசைவு பெறப்படல் வேண்டும். புதிய நூல்கள் அவ்விசைவைத் தம் பதிப்புத் தரவுப் பக்கத்திலேயே அச்சிடலாம். உரித்தாளர் அறியப்படாத நூல்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தனிவிதி வகுத்தது. முறையான தேடலின் பின் வெளியிடவும், உரித்தாளர் தோன்றின் அவர் விருப்பத்தை ஏற்கவும் எமது சட்டமும் இடமளித்தல் வேண்டும். இதனைக் கோரும் பொறுப்பு எண்ணிம நூலகத்தாருக்கு மட்டும் உரியதன்று. அதன் பக்கங்களைக் கொண்டு ஆய்வேடுகள் எழுதும் பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் உரியதாகும்.