எலும்பில்லாத கை

ஸ்ரீரங்கம் கோயில் யானை ஆண்டாள் வாழைப்பழம் வாங்கும்போது தும்பிக்கையின் நுனியைக் கவனித்துப் பாருங்கள். ஆசிய யானைக்கு அங்கே விரல் போன்ற மடல் ஒன்றுதான். அதை வைத்தே பழம் நசுங்காமல் சுருட்டி எடுத்துக்கொள்கிறது. சொரசொரத்த தோல், ஈரமான நுனி, உள்ளங்கையில் படும் சூடான 'புஸ்' என்ற மூச்சு! உள்ளே ஓர் எலும்பும் கிடையாது, எல்லாம் தசை. குறுக்குத் தசை ஒடுங்கினால் தும்பிக்கை நீள்கிறது, ஒருபக்கம் இறுகினால் வளைகிறது.

இதே வித்தை, வெயில் எட்டாத ஆழ்கடலில் ராட்சதக் கணவாயிடமும் இருக்கிறது. எட்டுக் கைகள், இரை பிடிக்க நீண்ட கரங்கள் இரண்டு, அவற்றிலும் எலும்பில்லை. ஆனால் கணவாயின் உறிஞ்சிகள் கவ்விப் பிடிக்கத்தான். யானையின் கையோ, பாகன் சொன்னதும் அத்தனை கனத்தோடும் குழந்தையின் தலையில் பூப்போல இறங்குகிறது. வலிமையைவிட அந்த நிதானம்தான் எனக்குப் பெரிது.