வாளும் விழியும் இன்றி
1997ஆம் ஆண்டின் இரு யப்பானிய வீடியோ விளையாட்டுக்கள்: ஒரு நோக்கு

ஒரு கலைவடிவத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் வெற்றிகளைக் கொண்டே எழுதப்படுகின்றது. விற்பனையில் முந்தியவையும் பின்வந்தோராற் பின்பற்றப்பட்டவையுமே அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. வீடியோ விளையாட்டும் இதற்கு விலக்கன்று. 1997ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேஷன் கருவிக்கென அவ்வாண்டு சனவரியில் யப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபன்ரஸி 7' என்பதே எங்கும் பேசப்படும். மூன்று இறுவட்டுக்களில் அடங்கிய அதன் பிரமாண்டமான காட்சிகள் உலகெங்குஞ் சென்றன. அதே ஆண்டில், அதே நாட்டில், கடல் தாண்டாது நின்றுவிட்ட ஆக்கங்களும் பிறந்தன. அவற்றுள் இரண்டு இங்கு நம் கவனத்துக்குரியன. ஒன்று, 'மூன்', மற்றொன்று, 'ரியல் சவுண்ட்: காஸே நோ ரிகிறெற்'. முன்னது வாளைத் துறந்தது. பின்னது காட்சியையே துறந்தது.

இலக்கியத் திறனாய்விலே உருவம், உள்ளடக்கம் என்பன பற்றி நாம் நெடுங்காலமாக விவாதித்து வந்துள்ளோம். வீடியோ விளையாட்டை அணுகும்போது இவ்விரண்டும் போதா. ஆங்கு மூன்றாவதொன்று உண்டு. அது செயல். வாசகன் கதையைப் படிக்கிறான்; ஆடுபவனோ கதையைத் தன் கைகளாற் செய்கிறான். போரைக் கண்டிக்கும் கதையொன்றைக் கூறிக்கொண்டே ஆயிரம் பேரைக் கொல்லுமாறு நம்மைப் பணிக்கும் ஆக்கம், தான் கூறுவதைத் தானே மறுக்கின்றது. இவ்வாறான ஆக்கங்களே இத்துறையில் மிகுதி. கதை நல்லது, படம் அழகியது என்று மட்டுங் கூறி அமைவோர் இம்முரண்பாட்டைக் காண்பதில்லை.

'மூன்' இம்முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றது. ஸ்குவெயர் நிறுவனத்திற் பணியாற்றி வெளியேறிய சிலர் 1995இல் அமைத்த 'லவ்-டி-லிக்' என்னுஞ் சிறிய நிறுவனம் இதனை ஆக்கியது; 1997 ஒக்ரோபரில் பிளேஸ்ரேஷனுக்கென இது வெளிவந்தது. கெனிச்சி நிஷி, யொஷிரோ கிமுரா, தாரோ குடோ ஆகியோர் இதன் முதன்மையான ஆக்குநர். 'ட்ராகன் குவெஸ்ற்' (1986) காலந்தொட்டு யப்பானில் வேரூன்றிய ஆர்.பி.ஜி. எனப்படும் பாத்திரமேற்றாடும் விளையாட்டின் மரபை இவர்கள் உள்ளிருந்தே அறிந்தவர்கள். வீரன் ஊரூராகச் செல்வான். எதிர்ப்படும் விலங்குகளைக் கொன்று அனுபவப் புள்ளிகளைச் சேர்ப்பான். முன்பின் அறியாதார் வீடுகளுட் புகுந்து பேழைகளைத் திறந்து உள்ளவற்றை எடுத்துக்கொள்வான். மரபு இதனை வீரம் என்றது.

'மூன்' தொடங்கும்போது இரவில் ஒரு சிறுவன் இத்தகைய விளையாட்டொன்றையே ஆடிக்கொண்டிருக்கிறான். உறங்கச் செல்லுமாறு தாயின் குரல் கேட்கிறது. கருவியை நிறுத்துகிறான். நிறுத்திய தொலைக்காட்சி தானே ஒளிர்ந்து அவனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சற்றுமுன் தான் ஆட்டுவித்த உலகினுள், யார் கண்ணுக்கும் புலப்படாதவனாக அவன் நிற்கிறான். பார்வையற்ற மூதாட்டி ஒருத்தி அவனைத் தன் பேரன் என எண்ணி, பேரனின் உடைகளைக் கொடுக்கிறாள். கண்ணுள்ளோர் எவருங் காணாத ஒருவனைக் கண்ணில்லாதவள் ஏற்றுக்கொள்கிறாள். இவ்விளையாட்டின் மிக அழகிய இடம் இதுவே என்பது நம் கருத்து.

இதன்பின் நாம் செய்யவேண்டியது யாது? வீரன் இன்னும் அவ்வுலகில் உலவுகிறான். வழக்கம்போற் கொன்று குவிக்கிறான். அவன் கொன்ற விலங்குகளின் உடல்கள் ஆங்காங்கே கிடக்கின்றன. அவற்றின் ஆன்மாக்கள் எப்பொழுது எங்கே தோன்றும் என்பதைக் கவனித்துக் காத்திருந்து பிடித்து மீட்பதே சிறுவனின் தொழில். ஊரவருக்கு நாளும் பொழுதும் வகுத்த வாழ்க்கை உண்டு. இன்ன கிழமையில் இன்னார் இன்ன இடத்தில் நிற்பார் என்பதை நாம் பொறுமையோடு அறிந்து, அவர்தம் சிறு துயரங்களுக்கு உதவவேண்டும். தாக்கும் பொத்தான் எதுவும் இல்லை. சண்டையே இல்லை. நம் புராண இதிகாசக் கதைகளை ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நின்று திருப்பிச் சொல்லும் சிறுகதைகளைப் பயின்றோர்க்கு இந்நோக்கு புதியதன்று. ஆயின் அச்சிறுகதைகளில் வீரனின் குற்றத்தை நாம் வெளியே நின்று காண்கிறோம். இங்கோ அவ்வீரனைச் சற்றுமுன் ஆட்டியவர்கள் நாமே. நண்பரொருவரின் கருவியில் இதனை முதன்முறை ஆடியபோது, ஊரவர் வீடொன்றினுள் நுழைந்ததும் இக்கட்டுரையாளரின் கை தானாகவே அலுமாரியை நாடிற்று. பழக்கம் அத்துணை ஆழமானது.

பின்னணி இசையையும் குறிப்பிடாமல் விடவியலாது. பல்வேறு கலைஞர்கள் இயற்றிய இசைத்தட்டுக்களை ஆடுபவர் அவ்வுலகிலே தேடிப் பெற்று, தாம் விரும்பிய வரிசையில் ஒலிக்கச் செய்யலாம். ஒலிக்கச் செய்யாவிடின் பெரும்பாலும் மௌனமே. உணர்ச்சியை நமக்காக இசையமைப்பாளரே முன்கூட்டித் தீர்மானித்துவிடும் வழக்கத்துக்கு இது மாறானது.

இனிக் குறைகளுக்கு வருவோம். தொடக்கத்திற் சிறுவனால் நெடுநேரம் நடமாட இயலாது. வலு தீருமுன் படுக்கைக்குத் திரும்பவேண்டும். அன்பு பெருகப் பெருக அவனது நாளும் நீள்கிறது. இவ்வன்பு எண்ணிக்கையாக அளக்கப்படுகிறது. உறங்கும்போது ஒரு படி உயர்கிறது. வீரன் கொன்று சேர்க்கும் அனுபவப் புள்ளிக்கும் சிறுவன் உதவிச் சேர்க்கும் அன்புப் புள்ளிக்கும் அமைப்பளவில் என்ன வேறுபாடு? சில மணி நேரத்தின் பின் ஊரவரின் துயரங்கூட நமக்கு எடுத்துக்கொள்ளவேண்டிய பொருளாகவே தோன்றத் தொடங்குகிறது. தான் எள்ளிய மரபின் கணக்குப் புத்தகத்தையே 'மூன்' தன் கையிலும் வைத்திருக்கிறது. புதிர்கள் சில, குறிப்பேதுமின்றி ஆடுபவரை வீணே அலைக்கழிக்கின்றன என்பதும் உண்மை.

ஆக்குநர் இதனை உணர்ந்திருந்தனர் என்றே கருத இடமுண்டு. அதற்குச் சான்று முடிவு. (முடிவை அறிய விரும்பாதோர் இப்பந்தியைத் தவிர்க்கலாம்.) நாம் சேர்த்த அன்பு அனைத்தும் இறுதியிற் கதவைத் திறக்கவில்லை. விண்கலத்திற் சந்திரனை அடைந்த பின்னரும் வீரன் வந்து அனைவரையும் வெட்டி வீழ்த்துகிறான். தொடர்வதா என்ற வினா திரையில் எழுகிறது. விளையாட்டில் எவரும் அவ்வினாவுக்கு 'இல்லை' என்பதில்லை. இக்கட்டுரையாளரும் 'ஆம்' என்றே விடையிறுத்தார். 'இல்லை' என்பவனுக்கே உண்மையான முடிவு கிட்டுகிறது. சிறுவன் விளையாட்டை விட்டெழுந்து தன் அறையின் கதவைத் திறக்கிறான். செயலையே மொழியாகக் கொண்ட ஒரு கலை, செயலை நிறுத்துதலையும் ஒரு சொல்லாக்கியமை எளிதான சாதனையன்று.

யப்பானிய மொழியறியாதோர்க்கு இவ்வாக்கம் இருபதாண்டுகளுக்கு மேலாக எட்டாததாயிற்று. ஆங்கில வடிவம் 2020இலேயே நின்ரெண்டோ சுவிற்ச் கருவிக்கென வெளிவந்தது. அதற்குள் லவ்-டி-லிக் கலைந்து நெடுங்காலமாயிற்று. எவரையுங் கொல்லாது முடிக்கத்தக்க 'அண்டர்ரேல்' (2015) உலகப் புகழ்பெற்றபோது, அதன் ஆக்கியோன் ரோபி ஃபொக்ஸ் தமக்கு உந்துதலாயமைந்தவற்றுள் 'மூன்' என்பதையுங் குறிப்பிட்டமையாலேயே பலர் அப்பெயரைக் கேள்வியுற்றனர்.

மற்றைய ஆக்கம் 1997 யூலையில் சேகா நிறுவனத்தின் சற்றர்ன் கருவிக்கென வெளிவந்தது. ஆக்கியோன் கெஞ்ஜி ஈனோ; வார்ப் நிறுவனத்தை நடத்தியவர்; 2013இல் மறைந்தார். அச்சமூட்டும் காட்சிகளைக் கொண்ட 'டி' (1995) என்னும் விளையாட்டாற் பெயர்பெற்றிருந்த அவர், பார்வையற்றோரும் தம் விளையாட்டுக்களை ஆட முயல்கின்றனர் என அறிந்து, திரையே வேண்டாத விளையாட்டொன்றை ஆக்க முனைந்தார். ஆயிரம் சற்றர்ன் கருவிகளைப் பார்வையற்றோருக்கு வழங்குமாறு சேகா நிறுவனத்திடம் கேட்டு, ஆயிரம் பிரதிகளைத் தாமும் வழங்கினார். பெட்டியினுள் பிரெயில் எழுத்தில் அமைந்த குறிப்புத்தாளும் இருந்தது. பள்ளிப் பருவத்தில் முளைத்த காதலொன்றைக் கூறும் இக்கதையை எழுதியவர் யூஜி சகமோட்டோ. 'மொன்ஸ்ரர்' திரைப்படத்துக்காக 2023இற் கான் விழாவிற் சிறந்த திரைக்கதைக்கான பரிசைப் பெற்றவர் அவரே.

நடிகர்களின் குரல் ஒலிக்கும். இடையிடையே மணியோசை எழும். அப்பொழுது ஆடுபவர் கதையின் போக்கைத் தெரிவு செய்யவேண்டும். இஃது வானொலி நாடகமன்றோ என வினவலாம். இலங்கை வானொலியின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்த மூத்தோர் அவ்வாறே வினவுவர். வினா நியாயமானது. தெரிவுகள் அரிதாகவே வருவதால் ஆடுபவர் பெரும்பாலும் கேட்போராகவே அமர்ந்திருக்க நேர்கிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் ஒரே இருண்ட திரையின் முன் சம நிலையில் இருந்தனர். ஒருவருக்கெனச் செய்ததை மற்றவருக்கு இரக்கத்தாற் குறைத்துக் கொடுத்ததன்று அது. 'மூன்' தன் ஊரவரிடத்திற் காட்டக் கற்பித்த கவனத்தை ஈனோ தம் ஆடுபவரிடத்திலே காட்டினார். கலையளவில் 'மூன்' உயர்ந்தது. ஆனால் அன்பைப் புள்ளியாக எண்ணாதது ஈனோவின் ஆக்கமே.